அழுகையில் விளைந்த பெருமிதம்: ஸ்பைடர்மேன் சித்திரக்கதையின் மறவா இடங்கள்

தோற்றுவாய்

சித்திரக்கதை இலக்கியமாகுமா என்னும் வினாவைப் பெரியோர் பலர் எழுப்புவதுண்டு. எழுப்பிய அளவிலேயே ‘ஆகாது’ என்று விடையிறுத்து அமைவதும் உண்டு. தமிழகத்துக்கு அப்பால் வாழும் நம் இல்லங்களில் இவ்வினா இன்னும் சற்றுக் கூர்மையானது. பிள்ளைகள் தமிழ் நூலைக் கையிலெடுக்கத் தயங்கி, ஆங்கிலச் சித்திரக்கதைகளில் ஆழ்ந்து கிடப்பதைக் காணும் பெற்றோருக்கு அக்கதைகளின்மேல் ஒருவகைக் கசப்பே எழுகிறது. ஆயினும் ஒரு படைப்பின் தகுதியை அதன் மொழியைக் கொண்டோ, அச்சிட்ட தாளின் மலிவைக் கொண்டோ அளத்தல் திறனாய்வு ஆகாது. படிப்போர் உள்ளத்தில் அது எவ்வுணர்வை எழுப்புகிறது, அவ்வுணர்வு எதனைப் பற்றி நிற்கிறது என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

அத்தகைய அளவுகோல் நம்மிடம் பண்டே உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை உணர்வுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களில் தோன்றும் என்று வகுத்தார். பிறரால் இகழப்படுதல், உரியோரையும் உரியவற்றையும் இழத்தல், முன்னை நிலையினின்று தளர்தல், வறுமைப்படுதல் ஆகிய நான்கும் அழுகைக்கு உரியவை. கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கும் பெருமிதத்துக்கு உரியவை. பேராற்றல் வாய்ந்த வீரரைப் பாடும் கதைகள் பொதுவாகப் பெருமிதத்தை மட்டுமே நாடுவன. அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டில் தோன்றி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்துவரும் ஸ்பைடர்மேன் கதையோ, அழுகையின் நான்கு களங்களிலும் தன் தலைவனை நிறுத்தி, அங்கிருந்தே அவனது பெருமிதத்தை விளைவிக்கிறது. அத்தொடரில் வாசகர் மறவாது போற்றும் இடங்கள் யாவும் இத்தகையனவே என்பதை நிறுவுதலும், அழுகையை நீக்கிய இடங்களில் கதை எவ்வாறு மெலிந்தது என்பதைக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு விளக்கத்தை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. சிவகாசியிலிருந்து 1984 முதல் வெளிவரும் லயன் காமிக்ஸ் வாயிலாக ‘ஸ்பைடர்’ என்னும் பெயர் தமிழ் வாசகர்க்கு நன்கு பழகியது. அவ்வெத்தன் பிரிட்டிஷ் சித்திரக்கதைகளில் பிறந்தவன். ஈண்டுப் பேசப்படுபவன் நியூயார்க் நகரத்து மாணவனாகிய பீட்டர் பார்க்கர். அவன் வேறு, இவன் வேறு.

இழவு

ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்த முதற்கதை ‘அமேசிங் ஃபேண்டசி’ இதழின் பதினைந்தாம் எண்ணில், 1962 ஆகஸ்டு எனத் தேதியிடப்பட்டு வெளிவந்தது. மொத்தம் 11 பக்கங்கள். இதழோ அத்துடன் நின்றுபோயிற்று. பெற்றோரை இழந்து, பெரியப்பா பென், பெரியம்மா மே ஆகியோரின் அன்பில் வளரும் ஒரு பள்ளி மாணவனைக் கதிரியக்கம் பெற்ற சிலந்தி கடிக்கிறது. அவனுக்குச் சிலந்தியின் ஆற்றல் வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்னும் ஒரே சொல் பல உறவுகளைக் குறிக்கும். பென் பீட்டருடைய தந்தையின் தமையன் ஆதலால், நம் வழக்கில் பெரியப்பா என்றே சொல்லத்தகும்.

ஆற்றல் பெற்ற இளைஞன் உலகைக் காக்கப் புறப்படவில்லை. பணமும் பெயரும் தேடிக் காட்சி அரங்குக்குச் செல்கிறான். அங்கே ஒரு கள்வன் அவனைக் கடந்து ஓடுகிறான். காவலர் தடுக்கச் சொல்லிக் கூவுகிறார். ‘எனக்கென்ன?’ என்னும் நினைப்போடு பீட்டர் வாளாவிருக்கிறான். பின்னொரு நாள் வீடு திரும்பும்போது பெரியப்பா கொலையுண்ட செய்தி காத்திருக்கிறது. கொலைஞனைத் துரத்திப் பிடித்து அவன் முகத்தைப் பார்க்கும்போது, தான் தப்பவிட்ட அதே கள்வன்!

தொடரின் முதல் மறவா இடம் இதுவே. பகைவனைப் பிடித்த வெற்றியும், தன் குற்றத்தை உணர்ந்த தோல்வியும் ஒரே கட்டத்தில் நிகழ்கின்றன. செய்யத்தக்கதைச் செய்யாது விடுதலாலும் கேடு விளையும் என்பது வள்ளுவர் தெரிந்துசெயல்வகையில் கூறும் கருத்து. அக்கருத்துக்கு இதனினும் சுருக்கமான கதையைக் காண்டல் அரிது. ஆற்றலும் பொறுப்பும் சேர்ந்தே வரும் என்னும் புகழ்பெற்ற கருத்தைப் பெரியப்பா வாய்மொழியாகச் சொன்னதாகவே பலர் நினைவில் கொண்டுள்ளனர். முதற்கதையில் அதனைக் கூறுபவர் எவருமிலர். இறுதிக் கட்டத்தில் கதைசொல்லியின் விவரிப்பாகவே அது வருகிறது. இருளில் தனித்து நடந்து செல்லும் இளைஞனுக்கு அறிவுரை கூற யாரும் எஞ்சவில்லை. அறத்தை இழப்பே கற்பித்தது.

வறுமையும் இளிவும்

1963 மார்ச்சு தேதியிட்டு அவன் பெயரிலேயே தனி இதழ் தொடங்கியது. அதன் முதல் எண்ணிலுள்ள ஒரு சிறு நிகழ்ச்சி என்றும் சுவை குன்றாதது. குடும்பத்தில் வாடகைக்கும் பணமில்லை. முகமூடியோடு மேடையேறி ஈட்டிய ஊதியம் காசோலையாக வருகிறது. காசோலையோ ஸ்பைடர்மேன் பெயரில் எழுதப்பட்டுள்ளது. வங்கி அலுவலர் அடையாளச் சான்று கேட்கிறார். உடையைக் காட்டினால், உடையை எவரும் அணியலாமே என்கிறார். சுவரில் ஏறவல்லவன் வங்கியின் விதியைத் தாண்ட வல்லவனல்லன்! ஊர்விட்டு ஊர் வந்து, முகவரிச் சான்றுக்காக அலுவலகம்தோறும் அலைந்த குடும்பங்கள் இந்நகைச்சுவையின் அடியிலுள்ள ஈரத்தை எளிதில் உணர்வர்.

அதே இதழில், விண்வெளி வீரனாகிய ஜான் ஜேம்சனை அவன் உயிர்போகாமற் காக்கிறான். காக்கப்பட்டவனுடைய தந்தை, ‘டெய்லி பியூகிள்’ நாளிதழின் தலைவர் ஜே. ஜோனா ஜேம்சன். அவர் நன்றி பாராட்டினாரல்லர்; காத்தவனைச் சமுதாயத்துக்குக் கேடு என்றே தூற்றுகிறார். பின்னர்ப் பீட்டர் தன் வயிற்றுப்பாட்டுக்காகத் தன்னையே படமெடுத்து அந்நாளிதழுக்கே விற்கிறான். தன்னை இகழும் தலையங்கத்துக்குத் தானே படம் கொடுத்துக் கூலி பெறும் இந்நிலை, வறுமையும் இளிவும் ஒன்றோடொன்று பின்னிய நிலை. பெருமிதத்தின் நான்கு களங்களுள் புகழ் என்பது இவனுக்கு மறுக்கப்பட்டது. அதனாலேயே ஏனைய மூன்றும் இவன்பால் ஒளிபெறுகின்றன.

தறுகண்மை

தொடரின் உச்சி எது என்று வாசகரைக் கேட்டால், மிகப் பலர் 33ஆம் எண்ணையே சுட்டுவர். 1966 பிப்ரவரி தேதியிட்ட அவ்விதழ், மூன்று இதழ்களில் நடந்த கதையொன்றின் முடிவாகும். இக்காலத்தில் கதையை அமைத்தவரும் டிட்கோவே, உரையாடல் லீயுடையது. பெரியம்மா மே நோயுற்றுக் கிடக்கிறார். முன்னொருகால் பீட்டர் கொடுத்த குருதியே, அதிலிருந்த கதிரியக்கத்தால், அவருக்கு நஞ்சாகிவிட்டது. காக்கவல்ல மருந்தை டாக்டர் ஆக்டோபஸ் என்னும் பகைவன் கவர்ந்துசெல்ல, அவனுடைய நீரடி மறைவிடத்தில் நடந்த போரில் மலைபோன்ற பொறியொன்று பீட்டரின்மேல் சரிந்து விழுகிறது. மேலிருந்து நீர் ஒழுகத் தொடங்குகிறது. மருந்து, கைக்கெட்டாத தொலைவில், கண்ணெதிரே கிடக்கிறது.

இவ்விடத்தில் அடிப்பதற்குப் பகைவன் எவனுமில்லை. எடை ஒன்றே உள்ளது. பெரியப்பாவைத் தவறவிட்டவன் பெரியம்மாவையும் தவறவிடுவானோ என்பதே கேள்வி. டிட்கோ இதனை ஒரே படத்தில் முடித்துவிடவில்லை. முயற்சி, தளர்ச்சி, நினைவு, மீண்டும் முயற்சி எனப் பக்கம் பக்கமாக நீட்டுகிறார். உடல் நிமிர நிமிரக் கட்டங்களும் பெரிதாகின்றன. இறுதியில் முழுப்பக்கம் ஒன்றில் பொறி தலைக்குமேல் எழுகிறது. வாசகன் பக்கத்தைப் புரட்டும் செயலும் அவனோடு சேர்ந்து தூக்கும் செயலாகிவிடுகிறது. ஓவியமும் கதையும் வேறுவேறல்ல என்னும் சித்திரக்கதையின் இலக்கணம் இங்கு நிறைவெய்துகிறது.

ஆயினும் ஆசிரியர்கள் அங்கே நிறுத்தவில்லை. தளர்ந்த உடலோடு அவன் இன்னும் பொருது மீள்கிறான்; மருந்தைக் கொண்டு சேர்க்கிறான்; பெரியம்மா பிழைக்கிறார். எடுத்த படங்களை விற்க நாளிதழ் அலுவலகத்துக்கும் போகிறான். அவன் முகத்துக் காயங்களைக் கண்டு அஞ்சி, அவனை விரும்பிய பெட்டி பிராண்ட் விலகிப்போகிறாள். உயிரைக் காத்தவனுக்குக் காதல் நழுவியது. பெருமிதத்தின் விலை அழுகையே என்பதை இக்கதை மறக்கவே இல்லை.

அசைவு

டிட்கோ 1966இல் விலகியபின் ஜான் ரோமிட்டா தூரிகையை ஏற்றார். அவர் வரைந்த 50ஆம் எண், 1967 ஜூலை தேதியிட்டது, தளர்ச்சியின் கதை. நாளிதழின் ஓயாத தூற்றல், பெரியம்மாவின் நோய், பிறழ்ந்த படிப்பு யாவும் சேர்ந்து நெருக்க, பீட்டர் தன் வேடத்தைத் துறக்கிறான். மழை பெய்யும் சந்தில், குப்பைத்தொட்டியில் உடை தொங்க, முதுகைக் காட்டி அவன் நடந்து செல்லும் முழுப்பக்க ஓவியம் தொடரில் மிகுதியும் நினைவுகூரப்படுவது. 2004இல் வந்த இரண்டாம் திரைப்படமும் அதனை அப்படியே எடுத்தாண்டது.

ஓவியத்தின் புகழில் மறைந்துபோன பகுதி ஒன்றுண்டு. துறந்தவன் மீண்டது எதனால்? பெரும்போரால் அன்று. இரவுக் காவலர் ஒருவர் கயவர் கையில் அகப்பட, பழக்கத்தால் பாய்ந்து அவரைக் காக்கிறான். அம்முதியவரின் முகத்தில் பெரியப்பாவின் சாயல் தெரிகிறது. தான் ஏன் தொடங்கினோம் என்பது நினைவுக்கு வருகிறது. சுமையை இறக்கிவைத்தவன், தானே திரும்பிச் சென்று அதனை எடுத்துக்கொள்கிறான். முதற்கதையில் சுமை அவன்மேல் விழுந்தது. இங்கே அவன் அதனைத் தேர்ந்துகொள்கிறான். அவ்வேறுபாடே இவ்விதழின் சிறப்பு.

பெருமிதம் அழுகையாகும் இடம்

இனி, மிகுந்த வாதத்துக்கு இடமான 121ஆம் எண்ணுக்கு வருவோம். 1973 ஜூன் தேதியிட்ட இக்கதையை ஜெரி கான்வே எழுத, கில் கேன் வரைந்தார். கதையின் தலைப்பு தொடக்கத்தில் இல்லை; இறுதிப் பக்கத்திலேயே அச்சிடப்பட்டுள்ளது. தலைப்பே நிகழவிருப்பதைச் சொல்லிவிடும் என்பதால் மறைத்து வைத்தனர். ‘கிரீன் காப்ளின்’ என்னும் நார்மன் ஆஸ்பார்ன், பீட்டரின் காதலியாகிய க்வென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சிக்குக் கவர்ந்துசென்று கீழே தள்ளுகிறான். பீட்டர் வலையை எய்கிறான். அது அவள் காலைப் பற்றுகிறது. காத்துவிட்டோம் என்று தன் திறனைத் தானே மெச்சியவாறு அவளை மேலே இழுக்கிறான். மேலே வந்தது உயிரற்ற உடல்.

வலை பற்றிய கட்டத்தில் அவள் கழுத்தருகே ஒரு சிறு ஒலிச்சொல் எழுதப்பட்டுள்ளது. முறியும் ஓசை அது. வீழ்ச்சி அவளைக் கொன்றதா, காக்க வந்த வலையே கொன்றதா? பின்னர் வாசகர் கடிதப் பகுதியில் விடையளித்த ஆசிரியர் குழுவினர், திடீரெனத் தடுத்து நிறுத்திய அதிர்ச்சியே காரணம் என்று ஒப்பினர். தலைவனுக்கு இழைத்த கொடுமை இது என்று அன்றும் வருந்தினர். இன்றும் வருந்துவோர் உளர். அவ்வொலிச்சொல்லை நீக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும். கொடியவன் கொன்றான், வீரன் பழிவாங்கினான் என்னும் ஆயிரம் கதைகளுள் ஒன்றாக இது முடிந்திருக்கும். அச்சிறு சொல்லே இதனை அவலத்தின் உயரத்துக்கு ஏற்றுகிறது. முதற்கதையில் செய்யாமையால் இழந்தான்; இங்கே செய்ததால் இழந்தான், அதுவும் செய்யத்தக்கதை நல்ல எண்ணத்தோடு செய்ததால். 33ஆம் எண்ணில் அழுகை பெருமிதமாக உயர்ந்தது. இங்கே பெருமிதம், சில கட்டங்களுக்குள், அழுகையாகச் சரிகிறது. ஆற்றலுக்கு எல்லையுண்டு என்பதை வீரக்கதை ஒன்று இத்துணை நேர்மையோடு ஒப்புக்கொள்வது அரிது.

அடுத்த எண்ணில் காப்ளின் தன் ஊர்தியே தன்னை ஊடுருவ மாள்கிறான். அதனால் பீட்டருக்கு ஆறுதல் ஏதும் கிட்டவில்லை. கடைசிப் பக்கமே போற்றத்தக்கது. விளையாட்டுப் பெண்ணாகவே அதுவரை அறியப்பட்ட மேரி ஜேன் வாட்சன் துயர் கேட்க வருகிறாள். பீட்டர் கடுஞ்சொல் கூறி அவளைப் போகச் சொல்கிறான். கண்ணீரோடு வாயில்வரை சென்றவள், ஒரு கணம் நின்று, கதவைச் சாத்துகிறாள், உள்ளேயே நின்றுகொண்டு. பேச்சில்லை. இழவு நிகழ்ந்த வீட்டில் சொல்லும் ஆறுதலைவிட உடனிருத்தலே பெரிது என்பதை நாம் அறிவோம். உறவினர் தொலைவிலிருக்க, அண்டை வீட்டார் வந்து அமர்ந்து துணைநின்ற துயர்நாள்கள், ஊர்விட்டு வாழும் நம்மவர்க்குப் புதியன அல்ல. ஒரு கதவு மூடும் ஓசையில் ஒரு பாத்திரத்தை முழுமையாக வளர்த்துவிட்டார் கான்வே.

கொடை

1984 ஜனவரி தேதியிட்ட 248ஆம் எண்ணில் ரோஜர் ஸ்டெர்ன் எழுதி, ரான் ஃப்ரென்ஸ் வரைந்த சிறுகதை ஒன்றுண்டு. ஸ்பைடர்மேனைப் பற்றிய செய்தித் துணுக்குகளையெல்லாம் சேர்த்துவைக்கும் டிம் என்னும் சிறுவனை, ஓரிரவு அவனே வந்து காண்கிறான். இருவரும் பேசுகின்றனர், விளையாடுகின்றனர். விடைபெறும்போது சிறுவன் அவன் யாரென்று கேட்கிறான். நண்பருக்கும் சொல்லாத அம்மறையை, முகமூடியைக் களைந்து, பீட்டர் அவனிடம் சொல்லிவிடுகிறான். பெரியப்பாவின் சாவையும் சொல்கிறான். சிறுவன் அவனைப் பழிக்கவில்லை. வெளியே வந்து மதிலேறும் வீரன் அங்கேயே தலைகவிழ்கிறான். அப்போதுதான் அவ்விடம் புற்றுநோய் மருத்துவமனை என்பதும், சிறுவனுக்கு எஞ்சியவை சில வாரங்களே என்பதும் நமக்குத் தெரிகின்றன.

இக்கதையில் போரில்லை, பகைவனில்லை. பெருமிதத்தின் களங்களுள் கொடையை ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்ததன் பொருத்தம் இங்கு விளங்கும். பொன்னும் பொருளும் இல்லாதவன், தன்னிடமிருந்த ஒரே செல்வமாகிய மறைபொருளைக் கொடுத்தான். அழுகையும் பெருமிதமும் வேறு பிரிக்கவியலாத ஒரே உணர்வாகின்றன.

கதை மெலிந்த இடங்கள்

இதுகாறும் நிறைகளைக் கண்டோம். குறைகளைக் கூறாதொழிதல் திறனாய்வாகாது. முடியாது தொடரும் கதைக்கு ஒரு பெருநோய் உண்டு. நிகழ்ந்ததை நிகழாததாக்கும் ஆசை அது. 1995இல் 400ஆம் எண்ணில் பெரியம்மா மே இறந்தார். ஜே. எம். டிமேட்டிஸ் எழுதிய அம்மரணக் காட்சி அமைதியும் அழகும் வாய்ந்தது. ஆனால் 1998இல், இறந்தவர் அவராக நடித்த வேறொரு பெண் என்று மாற்றினர். வாசகர் சிந்திய கண்ணீர் பொய்க்கணக்காயிற்று. 1973இல் மாண்ட நார்மன் ஆஸ்பார்னும் 1996இல் மீண்டு வந்தான்.

யாவற்றினும் கேடானது 2007இல் தொடங்கிய கதை. பெரியம்மா குண்டடிபட்டுச் சாகக் கிடக்கிறார். அவரைக் காக்க, மெஃபிஸ்டோ என்னும் தீயசக்தியோடு பீட்டரும் மேரி ஜேனும் உடன்படிக்கை செய்கின்றனர். விலை, 1987இல் நிகழ்ந்த அவர்கள் திருமணம். அது நடந்ததே இல்லை என ஆகிவிடுகிறது. இதனைத் தியாகம் என்று வாதிடுவோரும் உளர். தியாகம் செய்தவன் அதனை நினைவில் சுமத்தல் வேண்டும். இங்கோ நினைவும் சேர்த்தே அழிக்கப்படுகிறது. 33ஆம் எண்ணில் இதே பெரியம்மாவைக் காக்க அவன் தோளால் பொறியைத் தூக்கினான். இங்கே மந்திரத்தால் சுமை மறைகிறது. சுமை மறையவே தூக்கும் தோளுக்கும் வேலையில்லாது போயிற்று. வாசகர் பலர் அன்று கொதித்தெழுந்ததற்குத் திருமணம் குலைந்தது மட்டும் காரணமன்று. தாம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிய அறம் குலைந்ததே காரணம் என்று கருதலாம்.

முடிவுரை

ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 2018ஆம் ஆண்டில் மறைந்தனர். அவர்கள் படைத்த மாணவன் இன்னும் வாழ்கிறான். புதிய கைகள் அவனை எழுதுகின்றன. அவற்றுள் எவை நிற்கும் என்பதற்குப் பழைய இதழ்களே சான்று பகர்கின்றன. அவன் எத்தனை பேரை வென்றான் என்பதைக் கணக்கிட்டவர் இலர். தூக்கிய எடையையும், தவறவிட்ட உயிரையும், குப்பைத்தொட்டிக்குத் திரும்பி எடுத்த உடையையும், நோயுற்ற சிறுவனுக்குக் கொடுத்த பெயரையுமே தலைமுறைகள் நினைவில் வைத்துள்ளன.

ஆதலின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கையிலிருக்கும் சித்திரக்கதையைப் பறிக்குமுன், அதில் மறக்க முடியாத இடம் எது என்று தமிழிலேயே கேளுங்கள். விடை சொல்லத் தொடங்கும் பிள்ளைக்கு இழவு, வறுமை, இளிவு, கொடை என்னும் சொற்கள் தேவைப்படும். அச்சொற்கள் நம் மொழியில் ஈராயிரம் ஆண்டுகளாக ஆயத்தமாக உள்ளன. அவற்றை எடுத்துக் கொடுப்பது நம் கடன்.